கோயில் நகரத்துச் சபை மூப்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பான மூப்பர்களே, சபைக் குழுவினரே, ஞாயிறு பள்ளி ஆசிரியர்களே, பெண்கள் ஐக்கியச் சகோதரிகளே, வாலிபத் தம்பி தங்கைகளே,



இந்த மடலைப் போதகர்களுக்கு எழுதவில்லை. போதகர் மாற்றலில் வருகிறார், மாற்றலில் போகிறார். சபை நம்முடையது. எந்தப் பிரசங்கியாரைக் கன்வென்ஷனுக்குக் கூப்பிடுவது என்று தீர்மானிப்பவர்கள் நாம். பந்தலுக்குப் பணம் கட்டுகிறவர்களும், நோட்டீசில் யார் படத்தைப் பெரிதாகப் போடுவது என்று சண்டை பிடிக்கிறவர்களும் நாம்தான். அதனால் கள்ள உபதேசம் திருவண்ணாமலைச் சபைகளுக்குள் வந்துவிட்டது என்றால், அது கூரையைப் பிரித்துக்கொண்டு வரவில்லை. நாம் அழைத்துத்தான் வந்திருக்கிறது.

கொஞ்ச காலமாக நம் கூட்டங்களில் இதே பேச்சு. இது கடைசிக் காலம், கள்ளப்போதகர்கள் பெருகிவிட்டார்கள், விசுவாசத்தைக் காத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். எச்சரிப்பு வேண்டியதுதான். யூதாவின் நிருபமும் பேதுருவின் இரண்டாம் நிருபமும் அதற்காகவே எழுதப்பட்டவை. எனக்கு உறுத்துவது, எச்சரிக்கிறவரின் கை எப்போதும் மலைப் பக்கமே நீளுவதுதான். ஆபத்து முழுவதும் கோபுரத்துக்கு அந்தப் பக்கம் இருப்பதுபோலவும், சபையின் காம்பவுண்டுக்குள் எல்லாம் சுத்தமாக இருப்பதுபோலவும் பேசுகிறார்கள். கேட்கிற நமக்கும் அது இதமாக இருக்கிறது.

அண்ணாமலையார் கோயிலுக்கு அருகே நம் சபைகள் நூறு வருஷத்துக்கு மேலாக இருந்துவருகின்றன. கார்த்திகையில் மலை உச்சியில் தீபம் எரிகிறது. பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை ஜனத்தால் நிரம்புகிறது. அந்த ஜனத்துக்கு ஆட்டோ ஓட்டுகிறவர்களில், இட்லிக் கடை போடுகிறவர்களில், பந்தோபஸ்துக்கு நிற்கிற போலீஸ்காரர்களில் நம் சபையாரும் உண்டு. கற்பூர வாசனை பட்டு ஒருவருடைய விசுவாசம் கரைந்துபோனதாக நான் அறியேன்.

1896 செப்டம்பர் 1ஆம் தேதி இந்த ஊருக்கு வந்து சேர்ந்த வேங்கடராமன் என்ற பையன், பிற்பாடு ரமண மகரிஷி என்று அறியப்பட்டவர், மதுரையில் அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியில் படித்தவர். யாத்திராகமம் மூன்றாம் அதிகாரத்தில் தேவன் மோசேக்குத் தம் நாமத்தை அறிவித்த வசனத்தைப் பிற்காலத்தில் பலமுறை எடுத்துச் சொன்னார். அதற்கு அவர் கொண்ட பொருள் வேறு, நாம் கொள்ளும் பொருள் வேறு. அந்த வேறுபாட்டை மறைக்கவோ மழுப்பவோ வேண்டியதில்லை. ஆனாலும் நம் வேதத்தை மதித்துப் படித்த அயலாரை எதிரியாக்கிக் காட்டுவது பொய்ச்சாட்சி. ஆற்காடு லுத்தரன் திருச்சபை இந்த ஊரில் குவோ வாதிஸ் என்ற சமய உரையாடல் மையத்தை நடத்துகிறது. தன் விசுவாசத்தில் நிலைத்திருக்கிறவன் அயலாரோடு உட்கார்ந்து பேசப் பயப்பட மாட்டான் என்பதற்கு அதுவே சாட்சி.

நாம் எபேசு சபையின் கதையை நினைக்க வேண்டும். அதுவும் கோயில் ஊர்தான். தியானாளின் கோவில் அன்றைய உலகத்தின் ஏழு அதிசயங்களில் ஒன்று. ஊரின் வியாபாரமே அதைச் சுற்றித்தான் நடந்தது. பவுல் அங்கே மூன்று வருஷம் இருந்தார். தெமேத்திரியு என்ற தட்டான் தன் பிழைப்புக் கெட்டுவிடும் என்று கலகம் மூட்டியபோது, கூட்டத்தை அமர்த்த எழுந்தவர் ஊர்ச் சம்பிரதியானவர், கோயில் பக்கத்து மனுஷர். பவுலோடு இருந்தவர்கள் கோவிலுக்குக் கெடுதல் செய்யவில்லை, தேவியை இழிவாகப் பேசவுமில்லை என்று அவரே நற்சான்று கொடுத்தார் (அப்போஸ்தலர் 19). மூன்று வருஷம் பிரசங்கித்த பிறகும் ஊர் அதிகாரி அப்படிச் சொல்ல முடிந்தது. பௌர்ணமி இரவில் நடந்து களைத்தவர் கையில், அவர் சாமியைப் பழிக்கும் துண்டுப் பிரசுரத்தைத் திணிக்கிற நம் பிள்ளைகளைப் பற்றி இந்த ஊரில் யாராவது அப்படிச் சொல்வார்களா?

அடுத்த அதிகாரத்தில் பவுல் அதே ஊர் மூப்பர்களை மிலேத்துவுக்கு வரவழைத்து விடைபெறுகிறார். இனி அவர் முகத்தை அவர்கள் பார்க்கப்போவதில்லை. அந்தக் கடைசிப் பேச்சில் தியானாளைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. மந்தையைத் தப்பவிடாத ஓநாய்கள் வரும் என்கிறார். அதோடு விடாமல், உங்களுக்குள்ளிருந்தே சிலர் எழும்பிச் சீஷரைத் தங்கள் பின்னே இழுப்பார்கள் என்கிறார். பிறகு பேச்சு நேரே பணத்துக்கு வருகிறது. ஒருவருடைய வெள்ளிக்கும் பொன்னுக்கும் வஸ்திரத்துக்கும் தான் ஆசைப்படவில்லை என்றும், தன் கைகளே தனக்கும் தன்னோடிருந்தவர்களுக்கும் உழைத்தன என்றும் சொல்கிறார்.

ஆகையால் நமக்குள்ளிருந்து எழும்பிய இரண்டைப் பற்றி எழுதுகிறேன். ஒன்று பந்தியில் இருக்கிறது, மற்றது காணிக்கைத் தட்டில். பந்தியை முதலில் சொல்கிறேன். அதுதான் பழைய நோய், நம் சபை பிறந்ததற்கே அதுதான் காரணம்.

கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுப்பதில்லை. பேதுருவுக்கு அதில் நல்ல பேர் இல்லை என்பதாலோ என்னவோ. அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் மெல்ல எழுந்து விலகிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்ற யூதர்களும் விலகினார்கள், பர்னபாவும் இழுபட்டுப் போனான். பேதுரு அன்று ஒரு தவறான பிரசங்கமும் செய்யவில்லை. இயேசு தேவகுமாரன் அல்ல என்று சொல்லவில்லை, உயிர்த்தெழுதலை மறுக்கவில்லை. இலையை விட்டு எழுந்தார், அவ்வளவுதான். பவுல் அதை மாயம் என்கிறார், சுவிசேஷத்தின் சத்தியத்துக்கு விரோதமான நடை என்றும் சொல்கிறார். எல்லார் முன்பாகவும் முகத்துக்கு முகம் எதிர்த்து நிற்கிறார். மாய்மாலம் ஒரு பக்கம், கள்ள உபதேசம் ஒரு பக்கம் என்று நாம் பிரித்துவைத்திருப்பதை பவுல் பிரிக்கவில்லை. யாரோடு சாப்பிட மாட்டேன் என்று காட்டுகிறவன், கிறிஸ்துவின் இரத்தம் எல்லாரையும் ஒரே குடும்பமாக்கவில்லை என்று போதிக்கிறான். வாய் திறக்காமலே போதிக்கிறான்.

தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1706ல் கால் வைத்தார். 1733ல் ஆரோன் முதல் தமிழ்ப் புராட்டஸ்டண்ட் குருவானார். அதே காலத்தில் ராஜநாயக்கன் என்று ஒருவர் இருந்தார். தஞ்சை அரசின் படையில் சேவகர், பறையர் குலத்தில் பிறந்தவர். கத்தோலிக்கராக இருந்து, தமிழில் அச்சான வேதப் புத்தகத்தைத் தானே படித்து லுத்தரன் சபைக்கு வந்தவர். உபதேசியாராகத் தஞ்சைச் சீமை எங்கும் பாடுபட்டவர். இரண்டாவது தமிழ்க் குருவைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் அவர் பெயரும் வந்தது. அவர் கையால் திருவிருந்து வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் தயங்குவார்கள் என்று மிஷனரிகள் பின்வாங்கினார்கள். குருப்பட்டம் 1741ல் வேறொருவருக்குப் போனது. ராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியாராகவே இருந்து இறந்தார். அவருடைய உபதேசத்தில் யாரும் குற்றம் காணவில்லை. அவரை ஒதுக்கியவர்கள் அந்த ஒதுக்கலால் ஒரு உபதேசத்தை நிலைநாட்டினார்கள். அது நம் சபைகளில் இன்னும் நிற்கிறது.

தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரைப் பற்றியும் சொல்லவேண்டும். அவர் பாட்டு இல்லாத தமிழ் ஆராதனை உண்டா? அந்த மகானும் விசுவாசத்தைக் காக்கத்தான் எழுந்தார். பழைய வேத மொழிபெயர்ப்பைத் திருத்தக்கூடாது என்றார். தமிழ்க் கீர்த்தனைகளையும் கல்யாணத்துப் பூவையும் புதிய மிஷனரிகள் தள்ளுவது கொடுமை என்றார். அதில் அவர் பக்கம் நியாயம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அதே மூச்சில், சபைக்குள் சாதியாரைக் கலந்து உட்காரவைப்பதும் கொடுமை என்று 1829ல் வாதாடினார். 1833ல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சாதி வேற்றுமை சபையில் இனி அறவே கூடாது என்று உத்தரவிட்டபோது வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் சபைகள் கொந்தளித்தன. சாஸ்திரியார் மேல் எனக்குள்ள பக்தி குறையவில்லை, நாளைக்கும் அவர் கீர்த்தனையைப் பாடுவேன். ஆனாலும் இதை நம் வாலிபர்கள் அறிய வேண்டும். விசுவாசத்தைக் காக்கிறேன் என்று உண்மையாகவே நம்பிய ஒரு பெரிய பக்தர், காக்கத் தகாத ஒன்றையும் அதோடு சேர்த்துக் காத்தார். அவருக்கே அப்படி என்றால் நாம் எம்மாத்திரம்?

இனி நம் வீட்டுக் கதை. லைப்சிக் மிஷன் தமிழ்நாட்டில் ஊழியம் செய்துவந்தபோது அதன் தலைவராக இருந்தவர் கார்ல் கிரவுல். திருக்குறளை ஜெர்மனில் மொழிபெயர்த்த தமிழ் அன்பர். சாதி என்பது சமூக வழக்கம், அதை வலுக்கட்டாயமாக அறுக்காமல் காலப்போக்கில் கரையவிட வேண்டும் என்பது அவர் நிலை. அந்த மிஷனின் ஊழியரான கார்ல் ஓக்ஸ் இதை ஏற்கவில்லை. சாதியைப் பிடித்துக்கொண்டு கிறிஸ்துவின் பந்தியில் உட்கார முடியாது என்றார். வாக்குவாதம் வளர்ந்து ஓக்ஸ் வெளியேறினார். 1860களின் தொடக்கத்தில் பண்ருட்டிப் பக்கம் மேல்பட்டாம்பாக்கத்தில் பெத்தானியா என்ற ஊழிய நிலையத்தைத் தொடங்கினார். பிறகு டேனிஷ் மிஷனரிச் சங்கம் அவரைத் தன் ஊழியராக ஏற்றுக்கொண்டது. அந்த டேனிஷ் மிஷன் வடக்கே வளர்ந்து திருவண்ணாமலைக்கு வந்தது, பள்ளிக்கூடம் வைத்தது, சபை நட்டது. அதுவே இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபை.

டேனிஷ் மிஷன் பள்ளியில் படித்தேன் என்று பெருமையாகச் சொல்கிற லுத்தரன் சகோதரரே, நம் சபையின் அஸ்திவாரக் கல் எது என்று இப்போது தெரிகிறதா? ஒரு மனுஷர் தன் சம்பளத்தையும் தன் சங்கத்தையும் இழக்கத் துணிந்து, பந்தியில் சாதி கூடாது என்று சொன்ன அந்த மறுப்புதான். அப்படிப் பிறந்த சபையில் மூப்பர் தேர்தல் வரும்போது ஓட்டை எப்படிக் கணக்குப் போடுகிறோம்? எந்தத் தெருவில் எத்தனை ஓட்டு என்று ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறதே, அதில் தெருவின் பேர் எதைக் குறிக்கிறது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கத்தோலிக்கச் சகோதரர்களும் சி.எஸ்.ஐ. சகோதரர்களும் இதை லுத்தரன் சண்டை என்று தள்ளிவிட வேண்டாம். நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பக்கமாகக் கோவிலையே இரண்டு கூடமாகக் கட்டியிருந்தார்கள். 1910ல் கொசானல் சுவாமி அந்தத் தடுப்பை இடித்தபோது கலவரம் வந்தது. நூறு வருஷத்துப் பழைய கதை என்பீர்கள். எறையூர் நமக்குத் தூரமா? 2008 மார்ச் 9ஆம் தேதி அங்கே கத்தோலிக்கர்களுக்குள்ளேயே மோதல். தலித் மக்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டார்கள். ஊர்க் கோவிலுக்குப் போகும் வழியில் தங்கள் பிணத்தைக் கொண்டுபோகக்கூட முடியாத நிலையில்தான் கேட்டார்கள். வீடுகள் தாக்கப்பட்டன, போலீஸ் சுட்டது, இரண்டு பேர் செத்தார்கள். கொன்றது போலீஸ் குண்டுதான். ஆனால் ஒரே நற்கருணை வாங்குகிற இரண்டு கூட்டத்தாருக்கு நடுவில் போலீஸ் வந்து நிற்கவேண்டிய நிலைமையை உண்டாக்கியது யார்? அதற்கு முந்தின பல தலைமுறை ஞாயிற்றுக்கிழமைகள்தான் அதை உண்டாக்கின.

ஞாயிறு பத்திரிகையில் கிறிஸ்தவ வரன் விளம்பரங்களைப் பாருங்கள். இரட்சிக்கப்பட்ட, அபிஷேகம் பெற்ற, ஊழிய பாரமுள்ள மணமகன் தேவை என்று ஆரம்பித்து, அடுத்த வரியிலேயே சாதிப் பேர் வருகிறது. மறுபிறப்பும் சாதியும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. கூடி ஜெபிக்கலாம், ஆனால் பெண் கொடுக்கக்கூடாது என்பது எந்த வேத பாடத்திலும் அச்சாகாத போதனை. ஆனால் பிள்ளைகள் அதைத்தான் எல்லாவற்றுக்கும் முந்திக் கற்றுக்கொள்கிறார்கள்.

இங்கே ஒன்று சொல்லாமல் போக முடியவில்லை. சர்டிபிகேட்டில் இந்து என்றும் சபையில் கிறிஸ்தவன் என்றும் இருக்கிற நம் தலித் பிள்ளைகளை மேடையிலிருந்து மாயக்காரர் என்று சாடுகிற பழக்கம் இருக்கிறது. 1950ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணை பட்டியல் சாதியை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. 1956ல் சீக்கியரும் 1990ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர் இன்னும் வெளியே நிற்கிறார்கள். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், இடஒதுக்கீட்டுக்காக மட்டும் மதத்தைச் சொல்லிக்கொள்வது அரசியல் சட்டத்தை ஏமாற்றுவதாகும் என்று தீர்ப்புச் சொன்னது. அரசாங்கத்துக் காகிதத்தில் பொய் எழுதலாம் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். ஆனால் கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்று சர்க்கார் சொல்வதால், உண்மையை எழுதினால் அந்தப் பிள்ளை சலுகையை இழக்கிறது. அதே பிள்ளை சபைக்குள் வந்தால், சாதி இருக்கிறது என்று நாம் காட்டுகிறோம். இந்த இரண்டுக்கும் நடுவில் நசுங்குகிறவனைப் பார்த்து மாயக்காரன் என்று சொல்ல நமக்கு எந்த அருகதையும் இல்லை. அப்படிச் சாடுகிறவர், தன் மகள் கல்யாணத்தில் என்ன செய்தார் என்று முதலில் சொல்லட்டும்.

காணிக்கைத் தட்டுக்கு வருகிறேன். இதைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், அதனால் நான் சுருக்கிச் சொல்லலாம். லுத்தரன் சபையே பாவமன்னிப்புச் சீட்டு வியாபாரத்தை எதிர்த்து 1517ல் பிறந்தது. அந்தச் சபையார் வீட்டு அலமாரியில் இன்று விலை போட்ட அபிஷேக எண்ணெய்ப் புட்டி இருக்கிறது. ஜெபம் பண்ணின கைக்குட்டை தபாலில் வருகிறது. மாதந்தோறும் பங்காளர் காணிக்கை போகிறது. விதை விதைத்தால் நூறத்தனையாக அறுக்கலாம் என்று சொல்லி, வட்டிக்கு வாங்கின பணத்தையும் பிடுங்குகிறார்கள். கைக்குட்டைக்கு வசன ஆதாரம் காட்டுகிறார்கள். அதுவும் எபேசுவில் நடந்ததுதான், பவுலின் சரீரத்தில் பட்ட துணிகளால் பிணியாளிகள் சுகமானார்கள். அந்தத் துணிக்கு விலை என்ன என்று லூக்கா எழுதவில்லை, விலை இருக்கவில்லை. அதே அதிகாரத்தில், இயேசுவின் நாமத்தை மந்திரம்போல் பிரயோகித்துப் பார்த்த ஸ்கேவாவின் குமாரர் ஏழு பேர் நிர்வாணமும் காயமுமாக ஓடினதையும் சேர்த்துப் படியுங்கள்.

ஆதிச் சபைக்கு இந்தத் தொல்லை புதிதல்ல. திதாக்கே என்று ஒரு பழைய நூல் உண்டு. அப்போஸ்தலரை அடுத்த காலத்துச் சபை ஒழுங்கு அது. நெடுங்காலம் காணாமல் போயிருந்த அதன் கையெழுத்துப் பிரதியை 1873ல் கான்ஸ்டாண்டிநோபிளில் பிலோத்தியோஸ் பிரியென்னியோஸ் கண்டெடுத்தார். அதில் ஊர் ஊராக வரும் ஊழியக்காரரைச் சோதிக்கும் விதி இருக்கிறது. ஒரு நாள், தேவையானால் இரண்டு நாள் தங்கலாம். மூன்றாம் நாளும் தங்கினால் அவன் கள்ளத் தீர்க்கதரிசி. புறப்படும்போது அடுத்த ஊர் சேரும்வரைக்கும் அப்பம் வாங்கிக்கொள்ளலாம், பணம் கேட்டால் கள்ளத் தீர்க்கதரிசி. ஆவியில் பேசுகிறேன் என்று சொல்லிப் பணம் கேட்கிறவன் பேச்சைக் கேட்கக்கூடாது. ஏழைகளுக்காகக் கேட்டால் அவனைக் குற்றம் சொல்லக்கூடாது. எவ்வளவு தெளிவு! இறையியல் பட்டம் வேண்டாம், கிரேக்கு வேண்டாம். கையைப் பார்த்தால் போதும் என்று ஏழைச் சபைகளுக்கு எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். நம் கன்வென்ஷன் குழு இந்த விதியை வைத்தால் எத்தனை மேடை காலியாகும்?

பணத்தைவிடக் கொடியது மருந்தை நிறுத்தச் சொல்வது. இதில் எனக்குப் பொறுமை இல்லை. காசநோய்க்கு மாதக்கணக்கில் விடாமல் மாத்திரை சாப்பிட வேண்டும். பாதியில் நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத கிருமி உண்டாகி, வீட்டில் உள்ளவர்களுக்கும் பரவும். இன்சுலின் தேவைப்படுகிறவர் ஊசியை விட்டால் சில நாட்களிலேயே உயிர் போகலாம். ஜெபித்துவிட்டேன், சுகம் கிடைத்துவிட்டது, மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் என்று மைக்கில் சொல்கிறவர் அடுத்த வாரம் வேறு ஊரில் இருப்பார். அடக்க ஆராதனைக்குப் போகிறவர்கள் நாம். அற்புத சுகம் என்று விளம்பரம் போடுவதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. அந்தச் சட்டத்துக்கு முன்னதாகவே இந்த மண்ணில் சபை பதில் சொல்லிவிட்டது. இங்கிருந்து 80 கிலோமீட்டரில் வேலூரில் ஐடா ஸ்கடர் 1900ல் ஒரு படுக்கையோடு வைத்தியம் தொடங்கினார். அந்த ஆஸ்பத்திரியில் பால் பிராண்ட், மடங்கிப்போன குஷ்டரோகிகளின் விரல்களை அறுவைசெய்து நிமிர்த்தினார். நம் மாவட்டத்தில் சேத்துப்பட்டில் கத்தோலிக்கர் ஆஸ்பத்திரி வைத்தார்கள், பக்கத்து மாவட்டத்துத் திருக்கோவிலூரில் டேனிஷ் மிஷன் வைத்தது. ஜெபம் பண்ணிக்கொண்டே ஊசி போட்டவர்கள் அவர்கள். அவர்களுடைய விசுவாசம் குறைவானது என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்?

நாகமானின் குஷ்டம் நீங்கியபோது எலிசா ஒன்றும் வாங்க மறுத்தார். பின்னால் ஓடிப்போய் வெள்ளியையும் வஸ்திரத்தையும் வாங்கி ஒளித்துவைத்தவன் கேயாசி. அந்தக் குஷ்டம் அவனைப் பிடித்தது. இரண்டாம் இராஜாக்கள் ஐந்தாம் அதிகாரத்தைச் சுகமளிக்கும் கூட்டங்களில் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள்.

அற்புதம் நடந்ததே, அப்புறம் எப்படிக் கள்ளப்போதகர் என்பீர்கள் என்று கேட்கிற சகோதரிகளுக்கு உபாகமம் பதின்மூன்றாம் அதிகாரம் பதில் சொல்கிறது. அடையாளம் பலித்தாலும், அவன் உன்னை வேறு பக்கம் இழுத்தால் அவனைக் கேளாதே என்கிறது. தமிழ்நாட்டிலேயே இதற்குச் சாட்சி உண்டு. திருநெல்வேலிப் பக்கத்துப் பாலாசீர் லாறி 1960களில் சுகமளிக்கும் கூட்டங்களால் பேர்பெற்றவர். ஜனம் திரண்டது. கடைசியில் மனுஜோதி ஆசிரமத்தில், திரும்பி வந்த கிறிஸ்து அவரே, கல்கி அவதாரமும் அவரே என்று அவரை வணங்கும் கூட்டம் உண்டானது. அவ்வளவு தூரம் ஒரே நாளில் யாரும் போய்விடுவதில்லை. முதல் நோட்டீசில் இயேசு பெரிதாகவும் ஊழியக்காரர் சிறிதாகவும் இருந்திருக்கும். நோட்டீசுகளை வரிசையாக எடுத்துவைத்துப் பார்த்தால் அளவு எப்படி மாறுகிறது என்று தெரியும். நம் ஊர்ச் சுவர்களில் இப்போது எந்த அளவில் இருக்கிறது?

இதை எழுதும்போதே ஒரு பயமும் எனக்கு உண்டு. இந்த மடலைக் கையில் வைத்துக்கொண்டு, பிடிக்காதவரையெல்லாம் கள்ளப்போதகர் என்று பட்டம் கட்டக் கிளம்புகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். பெந்தெகொஸ்தே சபைக்காரர் கைதட்டிப் பாடுகிறார் என்பது கள்ள உபதேசம் ஆகாது. கத்தோலிக்கர் சேத்துப்பட்டு லூர்து அன்னை திருவிழாவுக்குப் போகிறார் என்பதை வைத்து அவரோடு வாதாடலாம், அவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்லக்கூடாது. வெளிப்படுத்தின விசேஷத்தில் எபேசு சபைக்கு இன்னொரு கடிதம் வருகிறது. பவுலின் எச்சரிப்பை அந்த மூப்பர்கள் நன்றாகவே காத்தார்கள் என்று அதிலிருந்து தெரிகிறது. அப்போஸ்தலர் என்று சொல்லிக்கொண்டு வந்தவர்களைச் சோதித்துப் பொய்யர் என்று கண்டுபிடித்தார்கள், அதற்கு ஆண்டவரின் பாராட்டும் கிடைத்தது. உடனே வருகிறது குற்றச்சாட்டு. ஆதியில் இருந்த அன்பை விட்டுவிட்டீர்கள், மனந்திரும்பாவிட்டால் விளக்குத்தண்டை நீக்கிவிடுவேன் என்கிறார். உபதேசத்தில் சுத்தமாக இருந்த சபைக்கே இந்த மிரட்டல். எனக்கு வேதத்தில் மிகவும் பயமூட்டுகிற பகுதி இதுதான்.

அதனால் உங்களிடம் கேட்பது இவ்வளவு. வருகிற லெந்து காலம் தொடங்குமுன் ஒவ்வொரு சபைக் குழுவும் தன் வரவுசெலவை ஆராதனையில் வாசிக்கட்டும். வெளியூர் ஊழியக்காரருக்குக் கொடுத்த தொகையையும் சேர்த்து வாசிக்கட்டும். எருசலேம் ஏழைகளுக்குச் சேர்த்த பணத்தைப் பவுல் தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை, சபைகள் தெரிந்தெடுத்த ஆட்களோடுதான் அனுப்பினார் (இரண்டாம் கொரிந்தியர் 8). கன்வென்ஷன் மேடையில் மருந்தை நிறுத்தச் சொன்னால் மைக்கை அணைக்கும் பொறுப்பு யாருடையது என்று முன்கூட்டியே பேர் சொல்லிக் குறித்துவையுங்கள். பெண்கள் ஐக்கியத்தில் ஒரு நர்ஸ் இருப்பார், அந்தப் பொறுப்பை அவரிடம் கொடுங்கள், அவர் தயங்க மாட்டார்.

அறுப்பின் பண்டிகை விருந்துக்குக் காண்டிராக்ட் சமையல் வேண்டாம். எல்லாத் தெருவிலிருந்தும் சமைத்து வரட்டும், யார் வீட்டுச் சாப்பாடு என்று எல்லாருக்கும் தெரியட்டும், எல்லாரும் சாப்பிடட்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதுரை அமெரிக்கன் மிஷன் இதைத்தான் சோதனையாக வைத்தது, உபதேசியார்களே பலர் சாப்பிட மறுத்து வேலையை விட்டார்கள். நம்மில் யார் பந்தியைவிட்டு எழுகிறார் என்று பார்த்துவிடுவோம். எழுகிறவரை வெட்கப்படுத்த வேண்டாம், வீட்டுக்குப் போய்க் கலாத்தியர் நிருபத்தை அவரோடு உட்கார்ந்து படியுங்கள். பவுல் பேதுருவை எதிர்த்தார், ஆனால் அவரை இழக்கவில்லை.

பிறகு கல்லறைத் தோட்டம். திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதிச் சுவர் நின்றதை நாடு முழுக்கப் பேசிற்று. நம் இடங்களில் சுவர் இல்லாமலே மூலைகள் பிரிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், இந்த வருஷத்து முதல் அடக்கத்திலிருந்து குழி வரிசைப்படி மட்டுமே வெட்டப்படும் என்று தீர்மானம் போடுங்கள். என் குடும்பத்துக்கு என்று அங்கே ஒதுக்கியிருக்கும் இடத்தைத் திருப்பிக் கொடுக்கிறேன். கையெழுத்துப் போட்ட கடிதத்தைச் சபைச் செயலரிடம் கொடுத்தாயிற்று. உங்கள் குழுக்கள் என்ன தீர்மானித்தன என்று ஈஸ்டருக்குள் எழுத்தில் தெரிவியுங்கள்.

கிறிஸ்துவுக்குள்,
உங்கள் சபைகளில் ஒன்றின் பழைய ஞாயிறு பள்ளி ஆசிரியன்,
திருவண்ணாமலை